"போர்மட் அடிக்கணும்" என்ற அந்த ஒரு வசனம்

 

பதிவு கொஞ்சம் நீளம். பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள். அதற்கும் நேரமில்லாதவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்: விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கம்பியூட்டர் ஒன்று ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காக அதைப் போர்மட் அடிக்க விடாதீர்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் கேட்டாலும் சரி, கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் கேட்டாலும் சரி, திருத்தும் கடைகளில் நமக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். லெப்டொப்பை பேக்கிலிருந்து எடுப்பதற்கு முன்னமே அது வந்துவிடும். "போர்மட் அடிக்கணும் சேர். நாளைக்குப் பின்னேரம் வாங்க." என்ன நடந்தது என்று கேட்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. திரையில் என்ன எழுதி வந்தது என்றுகூடக் கேட்பதில்லை.

நாங்கள் இரண்டு மூன்று ஆசிரியர்கள், கணினி பாடம் எடுப்பவர்களும் எடுக்காதவர்களும், கொஞ்ச காலமாக இப்படிப்பட்ட மெஷின்களைச் சும்மா பார்த்துக் கொடுத்து வருகிறோம். பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறோம்.

முதலில், இது ஏன் இப்போது இவ்வளவு வீடுகளில் நடக்கிறது? 2020இல் பாடசாலைகளை மூடி ஒன்லைன் வகுப்புத் தொடங்கியபோது கடன்பட்டு வாங்கிய லெப்டொப்கள், கட்டாரிலும் ஜித்தாவிலும் இருந்து மாமாமார் கொண்டுவந்த செகண்ட் ஹேண்ட் மெஷின்கள், இவைதான் இன்னும் நம் பிள்ளைகளின் கையில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் விண்டோஸ் 10. மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்கான வழமையான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்குப் போவதென்றால் டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை புரொசெசராவது வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போன பிறகு புது லெப்டொப்பின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்த தகப்பன்மாருக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகள் தாங்களாகவே வழி கண்டுகொண்டார்கள். விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் உபுண்டுவோ மின்ட்டோ போடுகிறார்கள். இரண்டும் வேண்டியிருக்கிறது. வாப்பாவின் கடைக் கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பத்து வருட வினாத்தாள் எல்லாம் பாமினி எழுத்துருவில் கிடக்கிறது, அதை அடிக்கும் பழைய மென்பொருளும் விண்டோஸில்தான். (யுனிகோடுக்கு மாறாத ஆசிரியர்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போடலாம், இன்ஷா அல்லாஹ்.) ஆனால் பழைய மெஷினில் இணையத்துக்குப் போக, புரோகிராமிங் படிக்க, பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து கிடைக்க லினக்ஸ் நல்லது. ஒரு மெஷினில் இரண்டு பணிசெயல் முறைமை. இதில் தப்பு ஒன்றுமில்லை, களவும் இல்லை. சொல்லப்போனால் கிராக் போட்ட விண்டோஸைவிட இது எவ்வளவோ நேர்மையான வேலை.

சரி, ஸ்டார்ட் ஆகாமல் போவது எப்படி?

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் எழும்புவது விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. மதர்போர்டில் பதிந்திருக்கும் ஒரு சிறிய புரோகிராம்தான் எழும்பும். பழைய மெஷின்களில் அதற்குப் பெயர் பயோஸ். விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு வந்தவற்றில் யூ.ஈ.எஃப்.ஐ. அது டிஸ்கில் ஒரு சின்னப் பகுதியைத் தேடிப் போகும். விண்டோஸ் தானாக உருவாக்கியிருந்தால் அந்தப் பகுதி வழமையாக 100 எம்.பி. அளவுதான் இருக்கும். அதற்குள் மைக்ரோசொப்ட் என்று ஒரு போல்டர், உபுண்டு என்று ஒரு போல்டர். இரண்டில் எதை முதலில் கூப்பிடுவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் எழுதியிருக்கும். உபுண்டுவைக் கூப்பிட்டால் கிரப் என்ற பட்டியல் வந்து, "எதுக்குப் போகணும்?" என்று உங்களிடம் கேட்கும்.

உங்கள் மகளின் கல்யாணப் போட்டோ, மகனின் அசைன்மென்ட், கடைக் கணக்கு எல்லாம் இருப்பது அந்தச் சின்னப் பகுதியில் இல்லை. அவை வேறு பகுதிகளில், தத்தம் இடத்தில், பத்திரமாக இருக்கின்றன. பெரிய அப்டேட் ஒன்று வந்து வரிசையை மாற்றிவிட்டது, கிரப் தன் கோப்பைத் தொலைத்துவிட்டது, பாதுகாப்புச் சோதனை ஒன்று குறுக்கே நிற்கிறது: நாங்கள் பார்த்த டுவல் பூட் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றுதான். வாசலில் வழி காட்டும் பலகை கழன்று விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்காக வீட்டை இடிப்பதற்குப் பெயர்தான் போர்மட்.

2024 ஓகஸ்ட் மாதம் நடந்ததைச் சொல்கிறோம். இது கொழும்பில் மட்டும் நடந்ததல்ல, உலகம் முழுக்க நடந்தது.

கிரப்பில் பழைய பாதுகாப்பு ஓட்டை ஒன்று இருந்தது. 2022இல் வெளியே தெரியவந்தது. அந்த ஓட்டையுள்ள பழைய பதிப்புகளை செக்யூர் பூட் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று 2024 ஓகஸ்ட் 13ஆம் திகதி மைக்ரோசொப்ட் ஓர் அப்டேட் விட்டது. நோக்கம் நியாயமானது, அதில் சண்டையில்லை. டுவல் பூட் உள்ள மெஷின்களுக்கு இது போகாது என்றும் சொன்னார்கள். ஆனால் போனது. அடுத்த நாள் காலையில் மெஷினைப் போட்டவர்களுக்குக் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஷிம் என்பதன் எஸ்பெட் தரவைச் சரிபார்க்க முடியவில்லை, பாதுகாப்புக் கொள்கை மீறப்பட்டுள்ளது என்று ஒன்று. ஏதோ பாரதூரமாகப் பிழைத்துவிட்டது என்று இன்னொன்று. பிறகு மெஷின் தானாகவே ஓஃப் ஆகிவிடும்.

நினைத்துப் பாருங்கள். "பாரதூரமாகப் பிழைத்துவிட்டது" என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்துபோகிற மெஷினைக் கண்டால் ஒரு தாய் என்ன செய்வார்? கடைக்குத்தான் கொண்டு போவார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் அதுதான் நடந்தது. பெயர் வேண்டாம். கணவர் 2021இல் மௌத்தானவர். மகன் தகவல் தொழினுட்பம் படிக்கிறார், வாப்பாவின் பழைய லெப்டொப்பில் விண்டோஸ் பக்கத்தில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தார். விண்டோஸ் பக்கத்தில் வாப்பாவின் போனிலிருந்து எடுத்து வைத்த எல்லாமே இருந்தன. போட்டோக்கள், வட்ஸ்அப்பில் பிள்ளைகளுக்கு அனுப்பிய குரல் பதிவுகள், கடைசி நோன்புப் பெருநாளன்று எடுத்த வீடியோ. மகன் ஊரில் இல்லாத நேரம் மெஷின் இப்படி நின்றுவிட்டது. உம்மா தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். "வைரஸ் அடிச்சிருக்கு, போர்மட்தான்" என்று சொன்னார்கள். 3,500 ரூபாய். அடுத்த நாள் பளபளவென்று புது விண்டோஸோடு திரும்பி வந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அந்த மகன் எங்களிடம் கொண்டுவந்தது அதற்குப் பிறகு. பழையதைத் தோண்டி எடுக்கும் மென்பொருள்களை எல்லாம் போட்டுப் பார்த்தோம். உள்ளே இருந்தது எஸ்.எஸ்.டி. டிஸ்க். அழித்த இடங்களை அது தானாகவே துப்புரவாக்கிவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது போல் சுவடு எஞ்சாது. நாங்கள் வெறுங்கையோடுதான் அனுப்பினோம்.

இப்போது நமக்கு ஆத்திரம் வரவேண்டிய இடம் எது தெரியுமா? அந்த அப்டேட் விண்டோஸை ஒன்றுமே செய்யவில்லை. லினக்ஸ் பக்கத்து வாசல் மட்டும்தான் அடைபட்டது. ஸ்டார்ட் ஆகும்போது எஃப் 12ஐயோ, அந்த மெஷினுக்குரிய வேறு பட்டனையோ அழுத்தி, வரும் பட்டியலில் விண்டோஸ் பூட் மெனேஜர் என்பதைத் தெரிவு செய்திருந்தால் விண்டோஸ் வழமைபோல் வந்திருக்கும். போட்டோ, குரல், வீடியோ எல்லாம் வந்திருக்கும். இரண்டு நிமிட வேலை. லினக்ஸையும் மீட்க வேண்டுமென்றால் இன்னும் பத்து நிமிடம்: செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், மொக்யுடில் என்ற கருவியால் அந்த எஸ்பெட் கொள்கையை அழித்து, ஒரு தடவை லினக்ஸை ரீஸ்டார்ட் செய்து, லினக்ஸை அப்டேட் செய்து, திரும்பவும் செக்யூர் பூட்டைப் போட்டுவிடுவது. அந்த மாதமே இந்த வழி பகிரங்கமாக வந்துவிட்டது. செப்டெம்பர் அப்டேட்டில் பிரச்சினைக்குக் காரணமான அமைப்பை மைக்ரோசொப்ட் சேர்க்கவில்லை. ஆனால் முறையான திருத்தம் வந்தது 2025 மே 13இல். ஒன்பது மாதம்! பக்கத்து வீட்டுக்காரனின் கதவுக்கு ஆணி அடித்துவிட்டு ஒன்பது மாதம் கழித்துக் கழற்றுவது போல.

ஆகவே கடைக்காரரை மட்டும் ஏசுவதற்காக இதை எழுதவில்லை. அவருடைய பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். காலி வீதியில் கடை வாடகை என்னவென்று நமக்குத் தெரியும். உள்ளே நிற்பது ஏ.எல். முடித்த ஒரு தம்பி, சம்பளம் சொற்பம், யாரும் முறையாகப் பழக்கிக் கொடுக்கவில்லை. போர்மட் அடிப்பதற்கு யோசிக்கத் தேவையில்லை. பென் டிரைவைக் குத்திவிட்டு அடுத்த மெஷினுக்குப் போகலாம். நம்மவர்களிடமும் ஒரு பழக்கம் இருக்கிறது. "பார்த்துச் சொன்னதுக்குக் காசா?" என்று கேட்பார்கள். டொக்டரிடம் போய் நாடி பிடித்ததற்குக் காசு கொடுப்பவர்கள், மெஷினைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்தவனுக்குக் கொடுக்க மாட்டார்கள். போர்மட்டுக்கு 3,500 கேட்டால் பேரம் பேசியாவது கொடுப்பார்கள். எஃப் 12ஐ அழுத்தி இரண்டு நிமிடத்தில் சரிசெய்த தம்பி 1,000 ரூபாய் கேட்டால் "பட்டன் அமத்தினதுக்கு ஆயிரமா" என்று சண்டை. அப்படியானால் அந்தத் தம்பி எதைச் செய்வான்?

இதை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் ஒன்றை ஏற்றுக்கொள்ள முடியாது. அடுத்தவருடைய மெஷின் உங்கள் மேசைக்கு வந்தால் அது அமானிதம். அதிலிருக்கும் ஒவ்வொரு போட்டோவும் அமானிதம். தெரியாது என்றால் "எனக்குத் தெரியாது, வேறு ஆளிடம் காட்டுங்கள்" என்று சொல்லலாம். அதற்கு வெட்கப்படத் தேவையில்லை. வைரஸ் என்று பொய் சொல்லி அழிப்பதற்குத்தான் வெட்கப்பட வேண்டும். போர்மட் அடித்தே ஆகவேண்டிய சந்தர்ப்பம் உண்டுதான். அப்போதும் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்றில் மெஷினை எழுப்பி, உள்ளே இருப்பதை வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுத்துவிட்டுச் செய்ய முடியும். டிஸ்கே செத்துப்போனால் ஒழிய, அல்லது பூட்டுப் போட்டு சாவி இல்லாவிட்டால் ஒழிய, இது முடியாத காரியம் அல்ல.

அடுத்தது, வீட்டில் கேட்கும் பேச்சு. "நீ அந்த லினக்ஸ் பேயைப் போட்டாய்தானே, அதாலதான் இப்படி." மெஷினில் எது நடந்தாலும் பழி லினக்ஸ் தலையில். பிள்ளை பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். அந்தப் பிள்ளைகளுக்காகச் சில விஷயம் சொல்கிறோம்.

மெஷினின் நேரம் பிழைக்கிறதா? மதர்போர்டில் இருக்கும் மணிக்கூட்டை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுக்கிறது, லினக்ஸ் அதைச் சர்வதேச நேரம் என்று எடுக்கிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மாலை 6.30ஐ அது பகல் 1.00 என்று காட்டும். ஒரு வீட்டில் லெப்டொப்பில் போட்டிருந்த அதான் மென்பொருள் மஃரிபு நேரத்தில் லுஹரோடு நின்றதாம். ஒரு கடையில் அதற்கு மதர்போர்டு பெட்டரியை மாற்றிக் காசும் எடுத்திருக்கிறார்கள். பெட்டரியில் ஒன்றுமில்லை. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையால், மணிக்கூட்டை உள்ளூர் நேரமாக எடு என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது.

லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் எதையும் சேமிக்க முடியவில்லையா? அது விண்டோஸின் பாஸ்ட் ஸ்டார்ட்டப் செய்யும் வேலை. விண்டோஸ் 8இலிருந்து இருக்கிறது. ஷட் டவுன் என்று நீங்கள் சொன்னாலும் விண்டோஸ் முழுதாக உறங்குவதில்லை, ஒரு கண்ணைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறது. அந்த நிலையில் பக்கத்திலிருப்பவன் உள்ளே எழுதினால் தரவு பழுதாகும் என்பதால் லினக்ஸ் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறது. கன்ட்ரோல் பெனலில் பவர் பகுதிக்குப் போய் அதை நிறுத்திவிடுங்கள். டுவல் பூட் போடும் எந்தப் பிள்ளையும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

கிரப் பட்டியலில் விண்டோஸின் பெயரே வரவில்லையா? 2021இல் வந்த கிரப் 2.06இலிருந்து, பக்கத்திலிருக்கும் மற்ற முறைமைகளைத் தேடும் வேலை பாதுகாப்புக்காக இயல்பில் நிறுத்தப்பட்டுள்ளது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் ஓ.எஸ். புரோபரைத் தடுக்கும் வரியை 'ஃபோல்ஸ்' ஆக்கிவிட்டு அப்டேட் கிரப் கட்டளையைக் கொடுத்தால் விண்டோஸ் திரும்பவும் பட்டியலில் வந்து நிற்கும். அது எங்கேயும் போயிருக்கவில்லை.

"கிரப் ரெஸ்கியூ" என்று மட்டும் எழுதிக்கொண்டு நிற்கிறதா? இதில் பெரும்பாலும் குற்றவாளி லினக்ஸ் இல்லை, லினக்ஸை அகற்றியவர்தான். விண்டோஸுக்குள் போய் டிஸ்க் மெனேஜ்மென்டில் லினக்ஸ் பகுதியை அழித்துவிடுகிறார்கள். வாசலில் நிற்கும் கிரப் தன் வீட்டைக் காணாமல் திகைத்துப்போய் நிற்கிறது. புது மெஷின் என்றால் பூட் பட்டியலில் விண்டோஸைத் தெரிவு செய்தால் போதும். பழைய பயோஸ் மெஷின் என்றால் விண்டோஸ் பென் டிரைவிலிருந்து டிஸ்க்கின் முதல் துண்டைத் திரும்ப எழுத வேண்டும். அதுவும் ஒரு கட்டளைதான்.

இனி சொல்வதை இரண்டு தடவை வாசியுங்கள். புது விண்டோஸ் 11 மெஷின்களில் பிட்லொக்கர், அல்லது அதன் சின்ன வடிவமான டிவைஸ் என்கிரிப்ஷன், உங்களுக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கலாம். 2024 கடைசியில் வந்த 24எச்2 பதிப்புக்குப் பிறகு இது இன்னும் கூடுதல் மெஷின்களில் தானாக வருகிறது. இப்படிப்பட்ட மெஷினில் செக்யூர் பூட்டை நிறுத்தினால், சில நேரம் பூட் அமைப்பைத் தொட்டாலே, 48 இலக்கச் சாவியைக் கேட்டு நீலத் திரை வரும். சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பதை எங்களாலும் எடுக்க முடியாது, யாராலும் முடியாது. அந்தச் சாவி இருப்பது மெஷினை முதன்முதலில் செட் பண்ணியபோது கொடுத்த மைக்ரோசொப்ட் கணக்கில்.

அது யாருடைய கணக்கு? புது லெப்டொப் வாங்கும்போது "நீங்களே செட் பண்ணித் தாங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு வருகிறோமே, அந்தத் தம்பி தன்னுடைய கணக்கையோ கடையின் கணக்கையோ போட்டிருந்தால் உங்கள் வீட்டுச் சாவி அங்கேதான் தொங்குகிறது. கடை மாறியிருக்கும், தம்பி டுபாய்க்குப் போயிருப்பான். இன்றைக்கே உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து பாருங்கள். சாவி இருந்தால் ஒரு கடதாசியில் எழுதிப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடு வையுங்கள். இல்லையென்றால், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து அந்தச் சாவியைச் சேமித்துக்கொள்ளலாம். நின்ற பிறகு முடியாது. யூடியூப் பார்த்து செக்யூர் பூட்டை நிறுத்தும் தம்பிமாரே, இது உங்களுக்கும்தான்.

இதை விட்டால் இன்னொன்றும் வருகிறது. செக்யூர் பூட் நம்பியிருக்கும் மைக்ரோசொப்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன. அன்றைக்கே மெஷின் நின்றுவிடும் என்று வட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள், இப்போது ஓடுவது ஓடும். ஆனால் புதுச் சான்றிதழ்கள் அப்டேட்டாக வரும்போது சில பழைய மெஷின்கள் முரண்டு பிடிக்கலாம். அப்போதும் கவுன்டருக்கு அந்தப் பக்கமிருந்து அதே வசனம்தான் வரப்போகிறது.

இப்போது எங்கள் ஆட்களிடமே வருகிறோம், அதாவது பாடசாலைகளிடம்.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் பணிசெயல் முறைமை என்று ஓர் அலகு இருக்கிறது. பிள்ளைகள் அதன் தொழிற்பாடுகளை வரிசையாகப் பாடமாக்கி எழுதுவார்கள். முழுப் புள்ளியும் எடுப்பார்கள். அதே பிள்ளையிடம் "பயோஸுக்குள் போ மகன்" என்றால் எந்தப் பட்டன் என்று தெரியாது. ஏனென்றால் கணினி அறையில் அதைத் தொட விடுவதில்லை. "பழுதாக்கிப் போடுவான்" என்று பயம். பழுதாக்காமல் யார் திருத்தப் பழகினார்? நீச்சல் தெரிந்த பிறகுதான் கடலில் இறங்க வேண்டும் என்பவர்களோடு என்ன பேசுவது, அதுவும் வெள்ளவத்தையில் கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஒரு பழைய மெஷினை, இனி யாருக்கும் தேவையில்லாத ஒன்றை, மூலையில் வைத்து "இதை நீங்கள் பிழைக்க வைக்கலாம்" என்று பிள்ளைகளிடம் கொடுங்கள். செலவு எட்டு ஜி.பி. பென் டிரைவ் ஒன்று.

இது நமக்குத் தூரமான விஷயம் என்று நினைக்காதீர்கள். 2011இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு இந்தியாவில் உருவான பொஸ் லினக்ஸையும் சேர்த்துத்தான் கொடுத்தது. கேரளத்து அரச பாடசாலைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில் ஓடுகின்றன, ஆசிரியர்களையே பழக்கி வைத்திருக்கிறார்கள். நம்முடைய நாடு மட்டும் குறைந்ததா? 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிய, இந்த நாட்டுத் தொண்டர்கள் எழுதிய சுதந்திர மென்பொருள்தான் சஹானா. பிறகு வெளிநாட்டு அனர்த்தங்களிலும் அதைப் பயன்படுத்தினார்கள். 2006இல் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயனுக்கான விருது அதற்குக் கிடைத்தது. அப்படிப்பட்ட நாட்டின் தலைநகரத்தில் ஒரு பட்டனை அழுத்தத் தெரியாமல் மௌத்தான மனிதரின் குரலை அழிக்கிறோம்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள், கோயில் சபைகள், தேவாலய இளைஞர் குழுக்கள், நலன்புரிச் சங்கங்கள் எல்லோரிடமும் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இரத்ததான முகாம் வைக்கிறோம், இலவசக் கண் பரிசோதனை வைக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மேசையும் நான்கு கதிரையும் போட்டு, இந்த வேலை தெரிந்த பிள்ளைகளை உட்கார வையுங்கள். தெரிந்த பிள்ளைகள் நம்மிடமே இருக்கிறார்கள், யாரும் கூப்பிடவில்லை. கடைத் தம்பிமாரையும் கூப்பிடுங்கள், அவர்களும் பழகிக்கொள்ளட்டும். அவர்களுடைய வயிற்றில் அடிப்பது எங்கள் நோக்கம் இல்லை.

அதுவரைக்கும், கடைக்குக் கொண்டு போவதென்றால் முதலில் திரையில் வந்ததைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "இதில் இரண்டு முறைமை இருக்கிறது, உள்ளே இருப்பது எனக்கு வேண்டும்" என்று சொல்லுங்கள். பூட் பட்டியலில் விண்டோஸை நேரடியாகக் கூப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பிரதி எடுக்காமல் எதையும் அழிக்க வேண்டாம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பார்ப்பதற்கு மட்டும் தனியாகக் காசு தருகிறேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். அந்தத் தம்பியின் முகம் மாறுவதைக் காண்பீர்கள். மாறவில்லை என்றால் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எங்களிடம் கொண்டு வருவதென்றால் வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வெள்ளவத்தையில் இருப்போம், அதற்கடுத்த சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில். இடத்தை இன்பொக்ஸில் கேளுங்கள். காசு இல்லை. பெண்கள் தனியாகக் காட்ட விரும்பினால் டீச்சர் ஒருவரும் இருப்பார். மெஷின் நின்ற நாளிலிருந்து என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், ஏச மாட்டோம். சார்ஜரையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். போன தடவை வந்த ஒன்பது லெப்டொப்புக்கு நான்கு சார்ஜர்தான் இருந்தது.